ஈரக்காற்றும் பழைய கேமராவும்

பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மாலில் வார இறுதிகளில் பழைய பொருள் சந்தை கூடும். இசைத்தட்டு, கடிகாரம், பீங்கான் தட்டு, நாணயம் என்று பரப்பி வைத்த மேசைகளுக்கிடையே கேமராக்களும் கிடக்கும். நிக்கான், பென்டாக்ஸ், யாஷிகா, மினோல்டா; சில நாள் ‘சிங்கப்பூர்’ என்று பொறித்த ரோலை 35கூடக் கண்ணில் படும். ஜெர்மனியின் ரோலை நிறுவனம் 1970களில் சிங்கப்பூரில் பெரிய தொழிற்சாலை நடத்தி, 1981-இல் மூடிவிட்டுப் போனதன் மிச்சம் அது. இந்த மேசைகளின் முன் நிற்பவர்களில் விஷயம் தெரிந்தவர் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். புதியவர் கேமராவை எடுத்ததும் ஷட்டரை அழுத்திப் பார்ப்பார். தெரிந்தவர் லென்சைக் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, கைப்பேசி விளக்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பார்ப்பார். கண்ணாடிக்குள் மெல்லிய வெள்ளை இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பேசாமல் திரும்ப வைத்துவிடுவார், அல்லது பாதி விலைக்குக் கேட்பார்.

கேமராக்காரர்கள் இதை ஃபங்கஸ் என்றுதான் சொல்வார்கள். அடைத்து வைத்த தோல் செருப்பில் பூக்கும் பூஞ்சணத்தின் இனம்தான். வறண்ட, குளிர்ந்த ஊர்களில் ஒரு லென்ஸ் அறுபது ஆண்டுகள் அலமாரியில் கிடந்தும் தெளிவாக இருக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளே போதும். இங்கே பழைய கேமராக்களைச் சேர்ப்பதானாலும், பழுதுபார்ப்பதானாலும், எடுத்துக்கொண்டு படம் பிடிக்கப் போவதானாலும் எதிரில் நிற்பது ஈரம்தான். அந்த ஈரம் கேமராவின் எந்த உறுப்பில் என்ன செய்கிறது என்று பின்தொடர்ந்து போனால், கருவியின் உள்ளே இருக்கும் அறிவியல் முழுவதும் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்கிறது.

மலேசியாவின் மாதச் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு வரை. இந்தக் காற்றைப் பற்றி ஒரு கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகப் படியத் தொடங்கும். ஏர்கான் போட்ட காரில் 20 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும் கேமராவைப் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் இறங்கியதும் பையிலிருந்து எடுத்தால் லென்ஸ் சட்டென்று வெளுத்து மூடிக்கொள்வது இதனால்தான். வெளிக்கண்ணாடியில் படிவதைத் துடைத்துவிடலாம். லென்ஸ் குழலின் உள்ளே, கண்ணாடிகளுக்கு நடுவே படிவதை யார் துடைப்பது? அது தானாகக் காய்வதற்குள் அங்கே ஏற்கெனவே காத்துக்கிடக்கும் ஒன்றுக்குத் தாகம் தீர்ந்திருக்கும். காரைவிட்டு இறங்குமுன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டு, வெளிவெப்பத்துக்கு அது வந்த பிறகு எடுத்தால் இந்தப் பாதிப்பு இல்லை. ஈரம் பையின் மேல் படியும், லென்சில் படியாது.

காத்துக்கிடப்பது பூஞ்சை வித்து. அது இல்லாத காற்று உலகில் அநேகமாக எங்கும் கிடையாது. புத்தம்புது லென்ஸ் பெட்டியிலிருந்து வெளியே வந்த நாளே அதன்மேல் வித்துகள் விழுந்துவிடுகின்றன. முளைப்பதற்கு அவற்றுக்குத் தேவை கொஞ்சம் ஈரம், கொஞ்சம் உணவு, நிழல். பூஞ்சை கண்ணாடியைத் தின்பதில்லை. கண்ணாடிமேல் படிந்த விரல் எண்ணெய், தோல் செதில், தூசு, லென்ஸ் குழலின் திருகுமரையிலிருந்து ஆவியாகிப் படியும் மசகு, இவைதான் அதன் சாப்பாடு. ஆஸ்பெர்ஜில்லஸ் இனத்தில் சில வகைகளுக்கு நீர்த்துளிகூட வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 70, 75 விழுக்காடாக இருந்தாலே முளைத்து வாழக்கூடியவை அவை. ஜப்பானிய ஆய்வாளர் ஓட்சுகி, கண்ணாடியிலிருந்தே பிரித்தெடுத்த ஒரு வகைக்கு 1962-இல் ஆஸ்பெர்ஜில்லஸ் விட்ரிகோலா என்று பெயரிட்டார். நம் ஊர்ச் சராசரி ஈரப்பதத்தை நினைத்துப் பாருங்கள். வறண்ட நாடுகளில் விதிவிலக்கான நிலைமை இங்கே அன்றாட நிலைமை.

இந்தப் பூஞ்சையை உலகம் தீவிரமாக ஆராயத் தொடங்கியது இரண்டாம் உலகப் போரில்தான். நியூகினி காடுகளுக்குக் கொண்டுபோன தொலைநோக்கிகளும் பீரங்கிக் குறிநோக்கிகளும் வெகு சீக்கிரத்தில் மங்கிப்போயின. எதிரியின் குண்டு படாமலே கருவி குருடானது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் ஜான் டர்னரும் பூஞ்சையியல் அறிஞர் எத்தல் மெக்லெனனும் அவர்களுடைய குழுவினரும் கருவிகளின் உட்புறத்தில் பாதரசம் கலந்த பூஞ்சைக்கொல்லியைச் சிறிதளவு வைத்து இதைத் தடுக்க வழி கண்டார்கள். 1946-இல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார்கள். கருவிகளைக் காக்கத் தாவரவியலாளர்கள் தேவைப்பட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வெப்பமண்டலத்தில் ஒளியியல் என்பது பாதி உயிரியல்.

பூஞ்சை வெறுமே படர்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். அது வாழ்ந்து வளரும்போது கரிம அமிலங்களை வெளியிடுகிறது. அந்த அமிலம் லென்சின் மேற்பூச்சையும், நாளானால் கண்ணாடியையும் அரிக்கிறது. இழையைத் துடைத்தெடுத்த பிறகும் அது போன தடம் கண்ணாடியில் அப்படியே நிற்பதைப் பழைய லென்சுகளில் பார்க்கலாம். அரிக்கப்படும் அந்தப் பூச்சு எவ்வளவு மெல்லியது தெரியுமா? சுமார் 100 நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிமனில் எழுநூறில் ஒரு பங்கு. பூஞ்சை இழையின் தடிமன் சில மைக்ரோமீட்டர். தான் அரிக்கும் பூச்சைவிடப் பல பத்து மடங்கு தடித்தது.

இவ்வளவு மெல்லிய பூச்சு எதற்கு? பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பழைய டெசார் வகை லென்சில் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. ஒவ்வொன்றிலும் 4 விழுக்காடு போனால் கடைசியில் ஃபிலிமுக்கு வந்து சேர்வது 78 விழுக்காடு. போன ஒளி முழுக்கப் போய்த் தொலைவதும் இல்லை; கண்ணாடிகளுக்கிடையே எகிறி எகிறி ஒரு பகுதி ஃபிலிமின் மேலேயே வந்து விழுகிறது. கருப்பு சாம்பலாகிறது, படம் முழுக்க ஒரு வெளிர்திரை. ஒளியின் அலைநீளத்தில் கால்பங்கு தடிமனுக்கு மக்னீசியம் ஃபுளோரைடைப் பூசினால், பூச்சின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் அலையும் அடிப்பரப்பில் எதிரொளிக்கும் அலையும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. எதிரொளிப்பு ஒன்றரை விழுக்காட்டுக்குக் கீழே போகிறது. சைஸ் நிறுவனத்தில் வேலை செய்த அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மன் ராணுவம் போர்க்காலம்வரை அதை ரகசியமாக வைத்திருந்தது.

ஆனால் இந்த உண்மைக்கு முதல் துப்புக் கொடுத்தது சோதனைச்சாலை அல்ல, காற்றும் ஈரமும்தான். 1890களில் இங்கிலாந்தின் குக் நிறுவனத்தில் லென்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்த டென்னிஸ் டெய்லர், பல ஆண்டு காற்றுபட்டு மேற்பரப்பு நிறம் மாறிப்போன பழைய லென்சுகளைச் சோதித்தார். கெட்டுப்போனவை என்று எல்லாரும் ஒதுக்கிய அந்த லென்சுகள் புதிதாக மெருகேற்றிய லென்சைவிட அதிக ஒளியை உள்ளே விட்டன. காற்றும் ஈரமும் கண்ணாடியின் மேற்பரப்பில் சில பொருள்களைக் கரைத்தெடுத்து, ஒளிவிலகல் குறைந்த மெல்லிய படலம் ஒன்றை அங்கே உண்டாக்கிவிட்டிருந்தன. டெய்லர் அதையே வேதிப்பொருள் கொண்டு செயற்கையாகச் செய்துபார்த்தார். கண்ணாடிக்குக் கண்ணாடி விளைவு மாறியதால் தொழிலாக நிலைக்கவில்லை. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பூசும் முறை வந்த பிறகுதான் அது கைகூடியது. லென்சை அழிப்பதாக நாம் பயப்படும் அதே காற்று, லென்சை எப்படி மேம்படுத்தலாம் என்பதையும் காட்டிக் கொடுத்திருக்கிறது.

சந்தையில் எல்லாரும் பதறும் அளவுக்கு ஃபங்கஸ் படத்தைக் கெடுக்குமா என்றால், எப்போதும் இல்லை. லென்சின் முன்கண்ணாடியில் பாதியைக் கருப்புத் தாளால் மூடிவிட்டுப் படம் எடுத்துப் பாருங்கள். பாதிப் படம் வராது. முழுப்படமும் வரும், சற்று இருட்டாக. காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி லென்சின் எல்லாப் பகுதி வழியாகவும் நுழைந்து, ஃபிலிமில் மறுபடி ஒரே புள்ளியில் கூடுகிறது. லென்சின் ஒவ்வொரு துண்டும் முழுக்காட்சியையும் வரையக்கூடியது என்பதால்தான் அதன்மேல் இருக்கும் சிறு கீறலோ இழையோ படத்தில் உருவமாகத் தெரிவதில்லை. பூஞ்சையின் உண்மையான சேதம் ஒளியைச் சிதறடிப்பதில் இருக்கிறது, அது எதிர்வெளிச்சத்தில்தான் வெளிப்படும். இதைச் சோதிக்கக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்துமலையைவிடச் சிறந்த இடம் இல்லை. 272 படிகள் ஏறிக் குகைக்குள் நின்றுகொண்டு, கூரைத் திறப்பின் வழியே விழும் பகல் வெளிச்சம் படத்தின் ஓரத்தில் வருமாறு எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல லென்சில் குகைச்சுவர் கருப்பாகவே இருக்கும். பூஞ்சை பிடித்ததில் சுவர் முழுக்கப் பாலடித்ததுபோல் வெளிறும்.

லென்சைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் பூஞ்சையைத் துடைக்க 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடும் நீர்த்த அம்மோனியாவும் சம அளவு கலந்து பயன்படுத்துகிறார்கள். காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை அம்மோனியாவோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது, நச்சுப்புகை கிளம்பும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசைக்குள் பூஞ்சை புகுந்திருந்தால் மட்டும் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. ஃபங்கஸ் உள்ள லென்சை மற்ற லென்சுகளோடு வைக்கலாமா என்ற சச்சரவு எப்போதும் உண்டு. தனியே வைப்பதில் தவறில்லை. ஆனால் வித்து எங்கும் இருக்கும்போது பிரித்து வைப்பதை மட்டும் நம்புவது வீண். ஈரப்பதத்தை 40க்கும் 50க்கும் இடையில் வைத்திருக்கும் ட்ரை கேபினெட்டோ, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிகா ஜெல்லுமோதான் உண்மையான காப்பு. ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கினால் ஈரத்தை விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு வரும்.

சந்தையில் கிடைக்கும் லென்சுகளில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஆசாஹி பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்சை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் பலவற்றில் கண்ணாடி தேநீர் நிறத்தில் இருக்கும். அதற்குப் பூஞ்சையும் காரணமில்லை, அழுக்கும் காரணமில்லை. 1960களின் நடுவிலிருந்து வந்த இந்த வகையில் ஒரு கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்திருக்கிறது. தோரியம் கலந்தால் கண்ணாடி ஒளியைப் பலமாக வளைக்கும், அதே சமயம் நிறங்களை அதிகம் பிரிக்காது. லென்ஸ் வடிவமைப்பாளருக்கு இந்த இரண்டும் ஒருசேரக் கிடைப்பது அரிது. அதற்குக் கொடுத்த விலை கதிரியக்கம். தோரியம் 232-இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதுக்கு ஏறக்குறையச் சமம். அந்தக் கண்ணாடிக்குள் அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. சிதைவின் கதிர்கள் எலக்ட்ரான்களைத் தட்டிவிட, அவை கண்ணாடியின் குறைகளில் போய்ச் சிக்கிக்கொண்டு நீல ஒளியை விழுங்குகின்றன. நீலம் குறைந்த வெளிச்சம் நம் கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிகிறது.

தோரியம் என்றால் நமக்கு ஏதோ அயல்நாட்டுச் சரக்கு இல்லை. ஜெர்மானியரான ஷோம்பெர்க் 1909-இல் தோரியம் அடங்கிய மோனசைட் மணலைக் கண்டெடுத்த மணவாளக்குறிச்சி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அன்று அந்த மணலுக்கு இருந்த கிராக்கி விளக்குக்காக. பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் அவ்வளவு வெண்மையாக ஒளிர்ந்தது தோரியம் ஆக்சைடு. கோலாலம்பூரின் கதையும் அதே மணலில் இருக்கிறது. இந்த நகரம் எழுந்தது ஈயத்தால். ஈயத்தாதைக் கழுவிப் பிரித்த பின் மிஞ்சும் கனமான மணலை இங்கே அமாங் என்பார்கள். அதிலும் மோனசைட் உண்டு, அதாவது தோரியமும் உண்டு. சுங்கை பீசியிலும் சன்வேயிலும் இன்று கட்டடங்களும் நீர்ப்பூங்காவும் இருக்கும் இடங்கள் அந்த ஈயச் சுரங்கங்களின் பள்ளங்கள்.

பழுப்பேறிய லென்சைத் தெளிய வைக்கப் புறஊதாக் கதிர் போதும். சிக்கிக்கிடந்த எலக்ட்ரான்கள் விடுபட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நம் ஊர் வெயிலில் சில நாள் முதல் சில வாரம் வரை வைத்தெடுத்தால் கண்ணாடி வெளுக்கிறது. லென்சைக் கழற்றி, பின்பக்கம் அலுமினியத் தாள் சுற்றி, குவியும் வெயில் எதன்மேலும் விழாதபடி வைக்க வேண்டும்; லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி, துணியையும் மரத்தையும் எரித்துவிடும். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பவருக்கு இந்த லென்சால் ஆபத்து மிகமிகக் குறைவு. கண்ணாடியைத் தேய்ப்பதும், கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் லென்சாக அதை மாற்றுவதும் கூடாது.

ஷட்டரைப் பற்றிச் சொல்லாமல் பழுதுபார்ப்பவரின் திறமையைச் சொல்ல முடியாது. 1/1000 நொடி என்று சக்கரத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் திரை அவ்வளவு வேகமாகத் திறந்து மூடுவதாகத் தோன்றும். அந்தக்காலத்து ரப்பர் பூசிய துணித்திரைக்கு 36 மில்லிமீட்டர் அகலத்தைக் கடக்கவே 15 மில்லிநொடி போலப் பிடிக்கும். அப்படியானால் ஒரு மில்லிநொடி வெளிச்சம் எப்படிக் கிடைக்கிறது? முதல் திரை ஓடத் தொடங்கிய கையோடு இரண்டாம் திரையும் அதன் பின்னாலேயே துரத்துகிறது. இரண்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி மட்டும் ஃபிலிமின் குறுக்கே நகர்ந்து போகிறது. படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. இரண்டு திரைகளில் ஒன்றில் மசகு காய்ந்து இறுகிவிட்டால் அந்த இடைவெளி ஓடும்போதே குறுகும் அல்லது விரியும். படத்தின் ஒரு பக்கம் இருண்டுபோகும்.

இதை அளக்கக் கருவி இல்லாத காலத்துப் பழுதுபார்ப்பவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்து அளந்தார்கள். மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. இங்கே நிலைத்த பால் (PAL) ஒளிபரப்பு முறையில் குழாய்த் திரையின் எலக்ட்ரான் கற்றை நொடிக்கு 15,625 கோடுகளை வரைந்தது. கேமராவின் பின்கதவைத் திறந்து, திரைக்கு நேரே பிடித்து, ஷட்டரை அழுத்தினால் கண்ணில் ஒரு ஒளிப்பட்டை தங்கும். லென்சுக்குள்ளேயே இருக்கும் இலை ஷட்டரில் 1/1000 நொடிக்குப் பதினாறு கோடு அகலப் பட்டை, 1/500க்கு முப்பத்தொன்று. பட்டை தடித்திருந்தால் ஷட்டர் சோம்பிவிட்டது என்று பொருள். பக்கவாட்டில் ஓடும் துணித்திரையில் பட்டை சாய்ந்து தெரியும். சாய்வு வளைந்திருந்தால் திரையின் வேகம் வழியில் மாறுகிறது. நாடகம் பார்க்க வாங்கிய பெட்டியை வைத்து ஆயிரத்தில் ஒரு நொடியைக் கண்ணால் அளந்த இந்த உத்தியைவிட அழகான அளவியல் எனக்குத் தெரியவில்லை. குழாய்த் தொலைக்காட்சிகள் மறைந்துவிட்டன. இப்போது ஒளி உணரியை மாட்டிக் கைப்பேசிச் செயலியில் அளக்கிறார்கள். மற்றபடி வேலை மாறவில்லை: ஜப்பானிய அளவுத் திருப்புளி, காய்ந்த மசகைக் கரைக்க லைட்டர் திரவம், புது மசகு ஒரு துளி, உதிரிக்காக ஓடாத கேமரா இன்னொன்று.

துணித்திரைக்கு நம் ஊரில் இன்னொரு பகை வெயில். லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் லென்சுக்கும் திரைக்கும் நடுவே ஆடி கிடையாது. லென்ஸ் மூடியில்லாமல் சூரியனைப் பார்க்கத் தொங்கவிட்டால் துணியில் ஊசித்துளை விழுந்துவிடும்.

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்கதவு ஓரத்தில் ஒளி புகாமல் ஒட்டியிருக்கும் நுரைப்பட்டை பாலியுரேத்தேன். ஈரத்தில் அதன் மூலக்கூறுகள் நீராற்பகுப்பால் அறுந்து, கருப்புப் பிசினாக உருகி வழியும். பழைய கேமரா வாங்கினால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். செலவும் மிகக் குறைவு. செலினியம் ஒளிமானிக்கு மின்கலமே வேண்டாம், வெளிச்சமே அதில் மின்சாரமாகிறது. 1967-இல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 அப்படித்தான் இன்றும் வேலை செய்கிறது, உள்ளே ஈரம் புகாதவரை. வேறு பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்டவை. பாதரசத்தின் நச்சால் அது கடைகளிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. காதுகேள் கருவிக்கான துத்தநாகக்காற்று மின்கலம் 1.4 வோல்ட் தருகிறது, அதுவே போதும்.

ஒளிமானி செத்துப்போயிருந்தாலும் கவலையில்லை. நல்ல வெயிலில் அபெர்ச்சர் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமானது. கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் வெயிலில் நின்று எடுப்பவர் கடைமுன் அஞ்சடிப் பாதையின் நிழலில் உட்கார்ந்து மாலை கட்டுபவரை நோக்கித் திரும்பினால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும், அபெர்ச்சரை 5.6க்குத் திறக்க வேண்டும். நம் கண் அந்த வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. ஒளிமானி இல்லாத கேமராவோடு ஒரு மாதம் நடந்தவர்கள் அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

ஃபிலிமைக் கழுவுவதிலும் வெப்பம் குறுக்கிடும். கருப்புவெள்ளை ஃபிலிமுக்கு வழக்கமாகச் சொல்லும் வெப்பநிலை 20 டிகிரி; நம் குழாய்த் தண்ணீர் அதைவிடப் பல டிகிரி சூடு. வெள்ளி உப்பைத் தாங்கியிருக்கும் ஜெலட்டின் வெந்நீரில் ஊதி மெத்தென்றாகிவிடும். அந்தக்காலத்தில் அது ஃபிலிமைவிட்டு வழுக்கிக்கொண்டு போவதும் உண்டு. இதற்காகவே கோடாக் வெப்பமண்டல டெவலப்பர் ஒன்றைத் தயாரித்தது. அதில் சேர்த்த சோடியம் சல்பேட், ஜெலட்டின் நீரை உறிஞ்சாமல் தடுத்தது. இன்றைய ஃபிலிம்கள் இறுகியவை, ஒரு பாத்திரத்தில் ஐஸ்கட்டி போட்டு வெப்பத்தைக் கட்டினால் போதும். டெவலப்பர் கிடைக்காவிட்டால் காப்பி இருக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்சும் மாணவர்களும் 1995-இல் கண்டறிந்த முறையில் உடனடிக் காப்பித்தூளையும் சலவைச் சோடாவையும் கரைத்து ஃபிலிமைக் கழுவுகிறார்கள். வைட்டமின் சி சேர்ப்பது பின்னால் பழக்கமாயிற்று. வேலை செய்வது கஃபீன் இல்லை, காப்பியிலுள்ள கஃபீக் அமிலம். மலிவான தூள்தான் நன்றாக வேலை செய்கிறது என்பது பலரின் அனுபவம்.

கேமராவைவிட அவசரமான விஷயம் ஒன்று மிச்சமிருக்கிறது. வீட்டில் கிடக்கும் நெகட்டிவ்கள். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமுக்குப் பதிலாக 1948-இல் செல்லுலோஸ் ட்ரைஅசிட்டேட் ஃபிலிம் வந்தது. பாதுகாப்பானது என்று பெயர் எடுத்தது. பத்தாண்டு ஆவதற்குள் கோடாக்குக்கு முதல் புகார் இந்திய அரசிடமிருந்து போனது: வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வைத்திருந்த சுருள்கள் கெட்டுவிட்டன. ஈரம் அசிட்டேட்டைச் சிதைக்கும்போது அசிட்டிக் அமிலம், அதாவது புளிக்காடி, வெளிவருகிறது. அந்த அமிலமே மேலும் சிதைவை வேகப்படுத்துகிறது. ஒரே டப்பாவில் ஒரு சுருள் தொடங்கிவிட்டால் பக்கத்துச் சுருள்களும் தொடரும். ஃபிலிம் சுருங்கி, நெளிந்து, மேற்படலம் உரிந்து வரும். 21 டிகிரியும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் இந்தச் சிதைவு வேகமெடுக்கச் சுமார் 40 ஆண்டு ஆகும் என்பது ராச்செஸ்டரின் பட நிலைப்பு ஆய்வகத்தின் மதிப்பீடு. நம் வீட்டு அலமாரிகளில் அத்தனை காலம் கிடைக்காது.

பிரிக்பீல்ட்சில் ரயில்வே ஊழியர்களுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. தோட்டங்களும் துண்டாடப்பட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன. அங்கே வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் எடுத்துக்கொண்ட கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம், ஊருக்கு அனுப்பிய குடும்பப் படம் இவைதான் அந்த இடங்களின் முகத்தைக் காட்டும். அவற்றின் மூலம் காகிதப் பிரதியில் இல்லை, நெகட்டிவில் இருக்கிறது.

ஆகவே இந்த வாரமே அலமாரியைத் திறந்து பாருங்கள். தாத்தாவின் கேமரா தோல் உறைக்குள் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், கேமராவுக்கு அதைவிட மோசமான வீடு கிடையாது. உறையைத் தனியே வையுங்கள். கேமராவைச் சிலிகா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓடவிடுங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும் கேமராவில் மசகு இறுகாது. வெளிச்சமும் காற்றும் பட்டுக்கொண்டிருக்கும் லென்சில் பூஞ்சை அவ்வளவு எளிதில் பிடிக்காது. நெகட்டிவ் டப்பாவை முகர்ந்து பாருங்கள். காடி வாடை வந்தால் அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, தாமதிக்காமல் ஸ்கேன் செய்துவிடுங்கள். வாடை இல்லையென்றால் காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத பையில் ஜெல்லோடு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுக்கும்போது பை அறைவெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களை உட்கார வைத்து ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் கேட்டு உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள்.